மிக்ஸிங் ரூம் ஏழுமலை

வீடியோ ஸ்டுடியோ வைத்துப் பிழைக்கிற உங்களுக்கெல்லாம் தெரியும்: கேமராவுக்கு இன்சூரன்ஸ் எடுக்க யோசிக்கவே மாட்டோம், அதோடு ஓடுகிற ஆளுக்கு எடுக்கத்தான் கை வராது.

கேட்டில் ஒரு மணி நேரம்

இரண்டாயிரத்து மூன்று வாக்கில் திருவள்ளூரில் ஸ்டுடியோ வைத்திருந்தேன். கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்புக் கம்பெனி, ஆலையைப் படம் பிடித்துத் தரச் சொன்னது. நானும் கேமராமேனும் லைட்மேன் ஏழுமலையும் போய் இறங்கினோம். கேட்டில் செக்யூரிட்டி, "ஆளுங்களுக்கு டபிள்யூ.சி. பாலிசி காப்பி குடுங்க" என்றார். வேலையில் அடிபட்டால் தொழிலாளிக்கு நஷ்ட ஈடு தருகிற இன்சூரன்ஸ் அது. என்னிடம் ஏது? கேமராவுக்கு எடுத்த பாலிசியை நீட்டினேன். புரட்டிப் பார்த்தார்.

"இதுல மெஷினு பேருதான் சார் கீது. அத்த மட்டும் உள்ள உடறேன், அதுவே நடந்துகினு போவுமா?"

ரேட்டுக்கு ஏற்ற வேலை

மறுநாளே ஒரு ஏஜெண்டைப் பிடித்தேன். வெளியூர் போய் லைட் கட்டுகிற ஆள் என்றால் பிரீமியம் ஜாஸ்தி, உட்கார்ந்த இடத்தில் வேலை என்றால் கம்மி என்றார். என் மூளைதான் சும்மா இருக்காதே! ஸ்டுடியோவுக்குள் கேசட்டை வெட்டி ஒட்டுகிற மிக்ஸிங் ரூம் ஆள் என்று ஏழுமலையை எழுதச் சொன்னேன். கேட்டில் காட்ட ஒரு காகிதம் வேண்டும், அவ்வளவுதானே என்று நினைத்தேன். பத்து வருஷமாக ஹாலோஜன் லைட் சூட்டில் வெந்தவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"ஏசி ரூம்ல குந்திகினு கீறேன்னு ஊட்ல சொன்னா, எம் பொண்டாட்டி சொக்காய மோந்து பாத்துட்டு சிரிப்பா ண்ணா."

பின்பக்கமாகவே நடப்பது

லைட்மேனுக்கு முன்னால் பார்த்து நடக்கிற கொடுப்பினை கிடையாது. கல்யாணத்தில் பொண்ணு மாப்பிள்ளை முகத்தில் வெளிச்சம் விழவேண்டும் என்பதால், அவர்களைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடப்பான். கேமராமேன் அப்படி நடந்தால் யாராவது இடுப்பைப் பிடித்துக்கொள்வார்கள். லைட்மேனை யார் பிடிப்பார்கள்?

ஆரணியில் ஒரு காலை முகூர்த்தம். பொண்ணு மேடை ஏறி வர, ஏழுமலை பின்வாங்கிக்கொண்டே போனான். ஜமக்காளத்தில் மேடை விளிம்பு மறைந்திருந்தது. நாலடி கீழே மல்லாக்க விழுந்தான். இடுப்பு கல்படியில் மோதியது. "ண்ணா, காலு எங்க கீதுன்னே தெரியல" என்றான். ஐயோ, அந்தக் குரல் என்னை இன்னும் விடவில்லை. நான் அவனைத் தூக்கப் பார்க்கும்போதே பொண்ணின் மாமா ஓடி வந்தார்.

"நல்ல நேரம் போய்க்கினு கீது சார், லைட்ட வேற யார்னா புடிங்க."

கேசட் சாட்சி

ஆபரேஷன் நடந்தது, கால் வரவில்லை. வீட்டில் மனைவி செல்வி, இரண்டு குழந்தைகள். நஷ்ட ஈடு வந்தால்தான் அவர்களுக்குச் சோறு. கல்யாணக் கேசட்டை எடுத்துக்கொண்டு இன்சூரன்ஸ் ஆபீசுக்கு ஓடினேன். அவன் விழுந்தது அப்படியே பதிவாகியிருந்தது. இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்ற மப்பு எனக்கு. அதிகாரி டிவியில் இரண்டு தடவை போட்டுப் பார்த்தார். பிறகு நான் கையெழுத்துப் போட்ட ஃபாரத்தை என் பக்கம் திருப்பினார்.

"விழுந்தது நல்லாத் தெரியுது சார். இதுல மிக்ஸிங் ரூம் எங்க சார் இருக்கு?"

செல்வி

என்னால் முடிந்ததைக் கொடுத்தேன். அது எத்தனை நாளைக்குக் காணும்? செல்வி காக்களூரில் ஒரு கம்பெனிக்கு பேக்கிங் வேலைக்குப் போக ஆரம்பித்தாள். ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் எதிரே வந்துவிட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குத் தேவலை. அவளோ சாதாரணமாக நின்று பேசினாள்.

"சேர்றப்ப ஃபாரத்துல இன்னா வேலைன்னு எய்திக்கிறாங்கன்னு ரெண்டு வாட்டி படிக்கச் சொல்லிக் கேட்டுகினுதான் ண்ணா கையெழுத்து போட்டேன்."

பிரீமியத்தில் நான் பிடித்த மிச்சம், இன்றைக்கும் அவள் வீட்டுக் கட்டிலில் படுத்துக்கொண்டு, நான் போனால் "வா ண்ணா, டீ குடிக்கிறியா" என்று கேட்கிறது.