குறியில்லாத சுருள்

யூதர்களின் பழைய வேதத்தை நான் ஆராய்ச்சிக்கு எடுத்ததும் மயிலாப்பூர் மாமியார், “நம்மாத்துல இல்லாத வேதமா?” என்றார். எனக்குச் சுருக்கென்றது. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குக்கர் விசிலுக்கு மேலே குரலை உயர்த்தி மாதக்கணக்கில் ஓதிப் பழகினேன்.

அவர்களுடைய தோல் சுருளில் ராகக் குறிகள் கிடையாது. ராகத்தை மனப்பாடம் செய்துதான் ஓத வேண்டும். பிசகினால் கேட்பவர்கள் அங்கேயே நிறுத்தித் திருத்துவார்கள். ஆராய்ச்சிக்கான இணையவழி ஓதல் தேர்வில் மூன்று பேராசிரியர்கள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கடைசி வரிவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஜெயித்த மிதப்பில் கதவைத் திறந்தேன். கதவோரமாகவே நின்றிருந்த மாமியார் ஃபோனில் தன் தங்கையிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: “மாட்டுப்பொண் வேதம் சொன்னாடி, ஒரு ஸ்வரம் பிசகல. எந்த வேதமா? நம்மாத்து வேதம்தான்!”