கேட்டில் தொங்கிய ஒரே பிரஷ்

வேலையில் இருந்த காலமெல்லாம் நான் பாதுகாப்பு அதிகாரி. என் வகுப்புகளில் ஷேவிங் பிரஷ்ஷின் வரலாறு கட்டாயம் வரும். கேட்பவர்கள் கட்டாயம் கொட்டாவி விடுவார்கள். பேட்ஜர் என்ற பிராணியின் முடியில் பிரெஞ்சுக்காரர்கள் செய்து, பணக்காரர் கன்னத்தில் நுரை பூசிய சாமான் அது. முதல் உலகப்போரில் நச்சுவாயு வந்தது. முகமூடி முகத்தோடு ஒட்ட வேண்டுமென்று சிப்பாய்களின் தாடியை எடுக்கச் சொன்னார்கள். அத்தனை பேருக்கும் பேட்ஜர் முடிக்கு எங்கே போவது? குதிரை முடியில் மலிவாகச் செய்தார்கள். அதைச் சரியாகச் சுத்தம் செய்யவில்லை. மாட்டைக் கொல்லும் அடைப்பான் நோய் அந்த முடி வழியாக மனிதர் முகத்தில் ஏறியது. வாயுவுக்குத் தப்பியவன் பிரஷ்ஷால் செத்தான்.

ஓய்வு பெற்ற பின்பும், பாதுகாப்பு ஆடிட்டுக்கு முன்னால் வகுப்பெடுக்கச் சூளகிரிப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்று கூப்பிட்டது. பெயிண்ட் தெளிக்கும் கூடமான பெயிண்ட் ஷாப்புக்குப் போகிறவர்கள் கேட்டிலேயே சவரம் செய்துகொள்ள வேண்டும். தாடி இருந்தால் முகமூடி ஓரத்தில் காற்று கசியும். விதி சரி. ஆளுக்கொரு புது பிளேடு தருகிறார்கள், அதுவும் சரி. கண்ணாடிக்குப் பக்கத்தில், ஆணியில் கயிறு கட்டி, எல்லாருக்கும் ஒரே பிரஷ்.

அதனடியில் ஒப்பந்தத் தொழிலாளியான தேன்கனிக்கோட்டைக்காரர் ஒருவர் நின்றிருந்தார். தாடை முழுக்கச் சீழ்க் கொப்புளம், நடுவில் முள்தாடி.

"இந்த பிரஷ்ஷாலதான் சார் இப்படி. பிளேடு வெக்க முடியல. நேத்து திருப்பி அனுப்பிட்டாங்க. இன்னிக்கும் உள்ள போகலன்னா வேற ஆளப் போட்டுடுவாங்க."

ஒப்பந்தக்காரரின் சூப்பர்வைசர் குறுக்கே வந்தார். "பிளேடு புதுசு சார். பிரஷ் என்ன, தோலையா வெட்டுது?"

"உங்க பல்லு வெளக்கற பிரஷ்ஷும் வெட்டாது. கொண்டாந்து இதே ஆணியில மாட்டுங்க."

சவரத்துக்கு நின்ற வரிசையில் யாரோ அதைத் தெலுங்கில் திருப்பிச் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தாடியோடு வேலை செய்யவும் வழி உண்டு. தலையை முழுக்க மூடி, குழாய் வழியாகக் காற்று வரும் ஹூட். ஸ்டோரில் இருக்கிறதா என்று தொழிற்சாலை மேனேஜரிடம் கேட்டேன்.

"இருக்கு சார். அது விசிட்டருங்களுக்கு."

"விசிட்டர் எட்டிப் பாத்துட்டு டீ குடிக்கப் போயிடுவாரு. நாள் முழுக்க உள்ள நிக்கறது இவருதானே?"

அவர் சிரித்து மழுப்பினார். ஹூட் வரும்வரை வகுப்பு கிடையாது என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். வகுப்பு நடக்காவிட்டால் ஆடிட்டில் மாட்டிக்கொள்வார்கள். பாலிதீன் உறைகூடப் பிரிக்காத ஹூட் உடனே வந்தது. கொப்புளத்துக்கு மருந்து போட்டுக்கொண்டு, அதை மாட்டிக்கொண்டு, தேன்கனிக்கோட்டைக்காரர் உள்ளே போனார். புண் ஆறும்வரை அது அவருக்குத்தான் என்று மேனேஜர் வாயாலேயே எல்லார் முன்னிலையிலும் சொல்ல வைத்தேன்.

திரும்பும்போது பிரஷ்ஷைக் கயிற்றோடு பிடுங்கிப் பையில் போட்டேன். செக்யூரிட்டி மறித்தார்.

"கம்பெனி சாமான் வெளிய போவணும்னா கேட் பாஸ் வேணும் சார்."

"விடுப்பா," என்று சூப்பர்வைசர் ஓடி வந்தார். "புதுசே வாங்கியாச்சு!" பெருமையாக அதே ஆணியில் மாட்டினார். ஒன்றே ஒன்று.

நான் செக்யூரிட்டியிடம் திரும்பினேன். "அதையும் சேத்து ஒரே கேட் பாஸா போடுங்க."