லேப்டாப்புக்கு வைத்த பொட்டு

போன வருடம் ஆயுத பூஜை சமயத்தில் நடந்தது இது. பெரிய காஞ்சிபுரத்தில் வரிசையாகக் கட்டிய வாடகை வீடுகளில் ஒன்றில் நாங்கள் இருக்கிறோம். அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். அம்மாவுக்குப் பட்டுப் புடவைக் கடையில் வேலை. வாடிக்கையாளர்கள் பிரித்துப் போட்டுவிட்டுப் போகிற புடவைகளை மறுபடி மடித்து அடுக்க வேண்டும். ஓரத்தோடு ஓரம் சேராமல் ஒரு புடவையையும் கையை விட்டு இறக்கமாட்டார். நடந்ததற்கெல்லாம் அந்தக் குணம்தான் காரணம்.

எங்கள் வீட்டில் படித்த முதல் ஆள் நான். கம்ப்யூட்டர் படிப்பு என்பதால் தெருவில் யார் வீட்டு டிவி வராவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ரிமோட்டில் பேட்டரியைத் திருப்பிப் போட்டுவிட்டு, பெரிய டாக்டர் மாதிரி தலையை ஆட்டிவிட்டு வருவேன். ஆனால் படிப்பு முடிந்து ஒரு வருடம் ஆகியும் வேலை மட்டும் கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு கம்பெனியில் இரண்டு சுற்று தாண்டி, மூன்றாவது சுற்றுக்கு வரச் சொன்னார்கள். வீடியோவில் நேர்காணல். போனில் சேரக் கூடாது, லேப்டாப்பில்தான் சேர வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். விஜயதசமிக்கு மறுநாள் காலை பதினொரு மணி. அம்மா கடையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

ஆயுத பூஜை அன்று அப்பாவின் ஆட்டோவுக்கு வாழைக்கன்று கட்டினோம். ஸ்பேனர், அரிவாள்மணை, அம்மாவின் கத்தரிக்கோல் எல்லாவற்றையும் சாமி படத்துக்கு முன்னால் வைத்தோம். லேப்டாப்பும் அங்கே போனது. "அப்பாவுக்கு ஆட்டோ எப்டியோ, உனக்கு இதுதானப்பா" என்று அம்மா சொன்னபோது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. மூடி வைத்தால் சாமி எப்படிப் பார்க்கும் என்று அதைத் திறந்தே வைத்தார். திரைக்கு மேலே நடுவில், நெற்றியில் வைப்பது மாதிரி, சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை எடுக்கக் கூடாது. எடுத்த பிறகும் பொட்டைத் துடைக்கக் கூடாது, தானாக உதிர வேண்டும் என்றார். நான் சரி என்று விட்டுவிட்டேன்.

நேர்காணல் அன்று காலை குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்து சார்ஜரைச் செருகினேன். அந்த லேப்டாப்பின் பேட்டரி எப்போதோ போய்விட்டது. கரண்டில்தான் ஓடும். வழக்கமாக லொடலொடவென்று ஆடும் சார்ஜர் முனை அன்றைக்குக் கச்சிதமாக, இறுக்கமாக நின்றது. நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டு பட்டனை அழுத்தினேன். ஒன்றும் வரவில்லை. மறுபடி அழுத்தினேன். பிடித்துக்கொண்டே இருந்தேன். வேறு பிளக்கில் மாற்றினேன். சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்தது. லேப்டாப் மட்டும் கல் மாதிரி கிடந்தது.

"யாராவது இதத் தொட்டீங்களா?" என்று கத்தினேன். அப்பா தொடவில்லை என்றார். அம்மா சமையல்கட்டிலிருந்தே, "நான் இன்னாத்துக்குத் தொடப்போறேன்?" என்றார்.

என் சத்தத்தில் பக்கத்து வீட்டுத் தறி நின்றது. அங்கே நெய்கிற அண்ணன் எட்டிப் பார்த்தார். "கரண்ட் இல்லியா? என் வூட்ல ஃபேன் ஓடிக்கினுதான இருக்குது?" நான் விஷயத்தைச் சொன்னதும் லேப்டாப்பை இரண்டு கையாலும் தூக்கி, குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பது மாதிரி அடியில் தொட்டுப் பார்த்தார். "சில்லுனு கீதுப்பா. கொஞ்சம் வெயில்ல வையேன். நூல் நமுத்துப்போனா நாங்க அப்டித்தான் பண்ணுவோம்."

"வண்டின்னா தள்ளி ஸ்டார்ட் பண்லாம்" என்று அப்பா கவலையோடு சொன்னார். "இத எங்கடா தள்றது?"

அப்பாவின் ஆட்டோவில் ரிப்பேர் கடைக்கு ஓடினோம். ஷட்டர் மூடியிருந்தது. ஷட்டருக்குப் பொட்டு, பூட்டுக்குப் பொட்டு. கடைக்காரர் பூஜை போட்டுவிட்டு ஊருக்குப் போயிருக்கிறாராம். திரும்பி வந்தேன். மதர்போர்டு போய்விட்டது என்று எனக்கு நானே தீர்ப்பு சொல்லிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். பத்தரை ஆகிவிட்டது. கத்துவதற்குக்கூடத் தெம்பு இல்லை.

அம்மா மெதுவாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "சாமிக்கு எதுனா கொற வெச்சிட்டமாடா?" என்றார். "எனக்குத் தெரிஞ்சி ஒரு எடம் வுடலியே. மேல வெச்சேன், நாலு மூலைக்கும் வெச்சேன். சைடுல குட்டியா ஒரு ஓட்ட இருக்குது பாரு, அது மூளியா இருந்துதுன்னு அதுக்கும் நல்லா அடைச்சி வெச்சேனே."

"எந்த ஓட்டைம்மா?"

அம்மா காட்டினார். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு உள்ளே பார்த்தேன். மஞ்சளாக, சுற்றிலும் விளிம்பு வரைக்கும் சந்தனம். இரண்டு நாளில் காய்ந்து சுவர் மாதிரி ஆகியிருந்தது. சார்ஜர் முனை பாதி வழியிலேயே அதில் சிக்கி நின்றிருக்கிறது. நான் சகுனம் என்று நினைத்த இறுக்கம் அதுதான்.

"அப்பவே கேட்டேனேம்மா, தொட்டீங்களான்னு."

"நான் எங்கடா தொட்டேன்? பொட்டுதான வெச்சேன்."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி, அவசரத்தில் குத்திக் குத்திச் சுரண்டினேன். உள்ளே நடுவில் இருக்கும் சின்ன முள் வளைந்தால் எல்லாம் முடிந்தது. அம்மா குச்சியை வாங்கிக்கொண்டார். வாசல் வெளிச்சத்தில் லேப்டாப்பை மடியில் சாய்த்து, பொடிப்பொடியாக எடுத்தார். அண்ணன் குனிந்து ஊதிவிட்டார். வீடெல்லாம் சந்தன வாசனை. பிறகு சார்ஜரைச் செருகினேன். லொடலொடவென்று ஆடியது. அந்த ஆட்டத்தைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். பட்டனை அழுத்தியதும் உள்ளே விசிறி சுற்றியது. அம்மா கும்பிட்டார்.

பதினொரு மணிக்குச் சேர்ந்துவிட்டேன். எதிரே ஒரு மேடமும் ஒரு சாரும். திரையில் என் கட்டம் மட்டும் செக்கச்செவேல் என்று இருந்தது. பழைய கேமரா, அதற்கும் ஏதோ ஆகிவிட்டது போல என்று விட்டுவிட்டேன். வேலையே கம்ப்யூட்டர் பழுதுக்கு உதவி கேட்டுப் போன் செய்கிறவர்களிடம் பேசுவதுதான். அதனால் மேடம் முதலிலேயே, லேப்டாப் ஆன் ஆகவில்லை என்று ஒருவர் சொன்னால் என்ன செய்வீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். சார்ஜர், பேட்டரி, பட்டன் என்று மனப்பாடம் செய்ததையெல்லாம் ஒப்பித்தேன். சரி என்று எழுதிக்கொண்டார்.

அப்போது சார், "உங்கள் கேமராவில் என்ன, சிவப்பாக இருக்கிறதே" என்றார்.

நிமிர்ந்து பார்த்தேன். திரைக்கு மேலே நடுவில், சரியாகக் கேமராவின்மேல், அம்மா வைத்த பொட்டு, உதிர்ந்தது போக மெல்லிசாக ஒட்டியிருந்தது. விரலால் துடைத்தேன். படம் பளிச்சென்று வந்தது. ஆனால் அதில் வந்தது நான் மட்டும் இல்லை. எனக்குப் பின்னால் அம்மா, அப்பா, அண்ணன் மூன்று பேரும் கைகட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். அண்ணன் மட்டும் கேமராவைப் பார்த்து வணக்கம் சொன்னார்.

இனி மறைக்க என்ன இருக்கிறது? ஆயுத பூஜை, சந்தனம், சார்ஜர் ஓட்டை எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். சார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அந்த முதல் கேள்வியை மறுபடி கேட்டார்.

"வீட்டில் இருப்பவர்களைக் கேட்பேன், மேடம்" என்றேன். "கத்தாமல் கேட்பேன்."

வேலை கிடைத்தது. அந்தப் பதிலுக்காகக் கொடுத்தார்களா, அண்ணனின் வணக்கத்துக்காகக் கொடுத்தார்களா என்று இன்றுவரை தெரியாது. இந்த வருடம் பூஜைக்கு அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்து, "எங்கப்பா வெக்கட்டும்?" என்று கேட்டார். மூடியின் நடுவைக் காட்டினேன். அம்மா அளந்து பார்த்து மிகச் சரியாக நடுவில் வைத்தார்.

தினமும் யாராவது போனில், "நான் ஒண்ணுமே பண்ணலைங்க, தானா நின்னுபோச்சு" என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, பொட்டு வைப்பதைத் தொடுவதாக நினைக்காத ஓர் அம்மா அங்கேயும் இருப்பார் என்று எண்ணிக்கொண்டு, குரலைக் கொஞ்சம் தணித்துக்கொண்ட பிறகுதான் அடுத்த கேள்வியைக் கேட்கிறேன்.