இனிஷியல் வேண்டாம் சார்

என் அப்பா பெ. காசிநாதன் அரசுப் பள்ளியில் வணிகவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் குன்னத்துக்குப் பக்கம். போன மாதம் மாரடைப்பில் இறந்தார். இறப்பைப் பற்றி எழுத அதிகம் இல்லை. அவருக்குக் கடைசியாக ஓர் ஆசை இருந்தது: அவருடைய அண்ணன் அவரை மறுபடி 'தம்பி' என்று கூப்பிட வேண்டும். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

பெரியப்பாவின் பெயர் அய்யம்பெருமாள். தாத்தா பெரியசாமிக்கு நிலம் கிடையாது, அடுத்தவர் கொல்லையில் கூலி. பெரியப்பா ஐந்தாவதோடு நின்று அதே கூலிக்குப் போனார். அப்பா கல்லூரி வரை போனார். எங்கள் குடும்பத்தில் இதை யாரும் சொல்லிக்காட்டியதில்லை. பெரியப்பா இப்போது குத்தகைக்கு நிலம் பிடித்து மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் போடுகிறார்.

ஓய்வுக்குப் பிறகு பெரம்பலூரில் ஒரு தனியார் கல்லூரி அப்பாவைக் கூப்பிட்டது. வெளிநாட்டு மாணவர்கள் பட்டப்படிப்பில் சேருமுன் ஒரு செமஸ்டர் படிக்கிற வணிக அறிமுக வகுப்பு. சந்தை, விலை, அடிப்படைக் கணக்கு, அறிக்கை எழுதும் முறை. தான்சானியா, ருவாண்டா, பூட்டான் பிள்ளைகள். அப்பா தமிழ் வழியில் படித்து, தமிழ் வழியிலேயே பாடம் நடத்தியவர். ஆங்கிலம் எழுதுவார், பேசினால் தடுக்கும். அதனால் குளிக்கும்போது பாடத்தைச் சத்தமாகச் சொல்லிப் பார்ப்பார். "உள்ள யாருக்குங்க வகுப்பு, வாளிக்கா?" என்று அம்மா வெளியிலிருந்து கேட்பாள்.

பிள்ளைகளுக்கு அவரைப் பிடித்துவிட்டது. வருகைப் பதிவில் அவர்கள் எல்லோருக்கும் இனிஷியல் போட்டார். தகப்பன் பெயரின் முதல் எழுத்து இல்லாமல் இந்த ஊரில் ஒரு பெயர் முழுமையாகாது என்று விளக்கினார். தான்சானியாவிலிருந்து வந்த நீமா அன்று முதல் தன்னை ஜே. நீமா என்றுதான் எழுதினாள். அவளுடைய அப்பா ஜோசப்.

விலை பற்றிய பாடம் முடிந்ததும் மாணவர்களை வெங்காய மண்டிக்கு அழைத்துப் போவது என்று முடிவானது. ஒவ்வொருவரும் ஓர் உற்பத்தியாளரிடம் பேசி அறிக்கை எழுத வேண்டும். கல்லூரி இயக்குநரும் கூட வந்தார். பேசுகிறவர்களோடு உங்களுக்கு உறவோ பழக்கமோ இருந்தால் அறிக்கையின் முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும் என்று வேனில் வைத்து அப்பா பிள்ளைகளுக்கு நினைவுபடுத்தினார்.

மண்டியில் பெரியப்பா இருந்தார். அவர் அன்று வருவது அப்பாவுக்குத் தெரியாது. தலையில் துண்டு, கிழிந்த பனியன், முழங்கால் வரை செம்மண். கமிஷன்காரர் அவருடைய மூட்டையில் கைவிட்டு ஒரு பிடி வெங்காயத்தை எடுத்துத் தரையில் விசிறினார். அவருக்குப் பெரியப்பாவின் மகன் வயதுதான் இருக்கும்.

"யோவ், தண்ணி தெளிச்சுக் கொண்டாந்தியா?"

"பட்டறை போட்டுக் காய வெச்சதுங்க."

"காஞ்சதா இது? ஒன் வாயிதான் காஞ்சு கெடக்கு. ஓரமாப் போய்யா."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பெரியப்பா குனிந்து, சிதறிய வெங்காயத்தைப் பொறுக்கினார். நிமிர்ந்தபோது எதிரில் அப்பா நின்றிருந்தார், பின்னால் பிள்ளைகள், பக்கத்தில் இயக்குநர்.

"யாரு சார் இவரு? தெரிஞ்சவரா?" என்று இயக்குநர் கேட்டார்.

"விவசாயி சார்" என்றார் அப்பா. பிறகு பிள்ளைகளைப் பார்த்து, ஆங்கிலத்திலும் அதையே சொன்னார்.

பொய் இல்லை. அப்பா பிறகு என்னிடம் அப்படித்தான் ஆரம்பித்தார், பொய் சொல்லலம்மா என்று.

நீமா பெரியப்பாவிடம் கேள்வி கேட்டாள். அப்பா மொழிபெயர்த்தார். விதை என்ன விலை, எத்தனை மாதப் பயிர், விலையை யார் வைக்கிறார்கள். பெரியப்பா எல்லாவற்றுக்கும் நின்றபடியே பதில் சொன்னார். "வெலய அவங்கதாங்க சார் வெப்பாங்க, நாம வாங்கிட்டுப் போறதுதான்" என்றார். முதல் பதிலிலேயே 'சார்' வந்துவிட்டது. தம்பி சொன்ன ஒற்றைச் சொல்லை வைத்து, தான் யாராக நிற்க வேண்டும் என்று அவருக்குப் புரிந்திருந்தது. அப்பா அந்தச் 'சார்'களை விட்டுவிட்டு மொழிபெயர்த்தார்.

கடைசியில் நீமா பெயரைக் கேட்டாள்.

"அய்யம்பெருமாள்."

வகுப்பில் கற்ற ஞாபகத்தில் இனிஷியலும் கேட்டாள். பெரியப்பா அப்பாவைப் பார்த்தார். சொன்னால் அது 'பெ'. அப்பாவின் சட்டைப் பையில் தொங்கிய கல்லூரி அட்டையிலும் அதே எழுத்து.

"இனிஷியல் வேண்டாம் சார். வெறும் பேர மட்டும் எழுதிக்கச் சொல்லுங்க."

அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டிலிருந்து அப்பாவை நான்தான் ஸ்கூட்டரில் அழைத்து வந்தேன். அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் அளவுக் கருவிகளைப் பராமரிக்கும் பொறியாளர் நான். பகல் ஷிப்ட் முடிந்து வந்துகொண்டிருந்தேன். இதையெல்லாம் அவர் என் முதுகுக்குப் பின்னால் இருந்துதான் சொன்னார். நான் வண்டியை நிறுத்தவில்லை. நிறுத்தினால் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

அடுத்த ஞாயிறு பெரியப்பா வீட்டுக்குப் போனோம். "சார் வந்துட்டாங்க, சேர் எடுத்துப் போடுங்க" என்றார் பெரியப்பா. வீட்டுப் பிள்ளைகள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். திரும்பிக் கிளம்பும்போதும் "போயிட்டு வாங்க சார்" என்றார். அப்போது யாரும் சிரிக்கவில்லை.

கோபமாக அவர் ஒன்றும் செய்யவில்லை. வெங்காயம் கொடுத்தனுப்பினார். என் பையனுக்குக் காதுகுத்தியபோது முதல் ஆளாக வந்து நின்றார். ஆனால் 'என்னடா தம்பி' போய்விட்டது. வாடா, போடா எல்லாம் வாங்க, போங்க ஆகிவிட்டது. ஒவ்வொரு முறையும் அப்பா தலையைக் குனிந்துகொள்வார்.

அடுத்த வகுப்புப் பிள்ளைகள் வந்ததும், இந்த முறை அவர்களை அண்ணனின் வெங்காயக் காட்டுக்கே அழைத்துப் போய், 'இவர் என் அண்ணன், என்னைப் படிக்க வைத்தவர்' என்று சொல்லப்போவதாக அப்பா என்னிடம் சொன்னார். குளிக்கும்போது அந்த ஆங்கில வரியைச் சொல்லிப் பார்ப்பது எனக்கே கேட்டது. பெரியப்பாவிடம் போய் அனுமதி கேட்டார்.

"எதுக்கு சார்? வெவசாயி எங்க வேணாலும் கெடப்பான். ரோட்டோரமா நல்ல காடா பாத்துக் காட்டுங்க."

அப்பா மறுபடி கேட்பதாக இருந்தார். அதற்குள் இறந்துவிட்டார்.

சாவு வீட்டுக்குக் கல்லூரி வேனில் பிள்ளைகள் மாலையோடு வந்தார்கள். இயக்குநரும் வந்தார். பெரியப்பா ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். இப்போது பட்டப்படிப்பில் இருக்கும் நீமா அவரைப் பார்த்ததும் என் கையைப் பிடித்தாள். அந்த விவசாயி, சாருக்காக இவ்வளவு தூரம் வந்திருக்கிறாரே, எவ்வளவு நல்லவர் என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

"செல்வி, என்னம்மா சொல்லுது அந்தப் புள்ள?"

"உங்கள அடையாளம் தெரிஞ்சிருச்சு பெரியப்பா."

"வெங்காயக்காரன்னா? ஆமான்னு சொல்லு. சாருக்கு ஊருக்காரன், தெரிஞ்சவன்னு சொல்லிடு."

நான் நீமாவிடம் ஆங்கிலத்தில், இவர் என் அப்பாவின் அண்ணன், உடன்பிறந்தவர் என்றேன்.

அவள் கை என் கையை விட்டது. தப்பு அவளுடையது போல முகம் மாறிவிட்டது. இயக்குநர் செல்போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்.

பிரதர் என்றால் என்னவென்று பெரியப்பாவுக்குத் தெரியும்.

"ஏம்மா சொன்ன?" என்றார். "அதான் போயிட்டாங்கல்ல. இனிமேப் போயி அவங்க மரியாதயக் கெடுப்பியா?"

என்னால் அவரைப் பார்க்க முடியவில்லை. பெட்டியையும் பார்க்க முடியவில்லை.

நீமா அவருக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். தெரிந்த கொஞ்சம் தமிழில், "அப்பா பேரு?" என்று கேட்டாள்.

பெரியப்பா கண்ணாடிக்குள் இருந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். துண்டால் மூக்கைத் துடைத்தார்.

"சாரோட அப்பா பேரு என்னவோ அதாம்மா" என்றார்.

நீமாவுக்குப் புரியவில்லை, என்னைப் பார்த்தாள். நான் மொழிபெயர்த்தேன். 'சார்' என்பதையும் விடவில்லை.