வரக்கூடாதென்று வேண்டிக்கொண்டவர்கள்

அன்பர்களே,

போன ஆனி மாதம், ஊரே கடையடைத்த ஒரு ஹர்த்தால் நாள் காலையில், என் மச்சினன் சுந்தரம் என் கண் முன்னால் ஒரு பிக்கப் வண்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டான். வண்டி என்னுடையது. அதைத் தாங்கிய கற்களை அடுக்கியவனும் நான்தான்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: மலையாள ஊரான மட்டாஞ்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியார். நமது சஷ்டி பஜனையில் கடைசி வரிசையில், தாளத்தைச் சற்றுத் தாமதமாகப் பிடிக்கிற ஆள். ஐம்பது வயதில் சிலருக்குச் சர்க்கரை வருகிறது. எனக்குப் பிக்கப் வந்தது. மூடிப்போன ஒரு கயிற்றுக் கிடங்கின் பின்புறம் கொடி படர்ந்து கிடந்த வண்டியை வாங்கி, வீட்டு முற்றத்துக்கு இழுத்து வந்தேன். நானே பழுது பார்த்து ஓட்டப்போகிறேன் என்று ஊர் முழுக்கச் சொன்னேன். என் மனைவி கல்யாணி வாசலில் நின்று பார்த்தாள்.

"இந்த வயசுல ஆம்பளைங்க காசிக்குப் போவாங்க. நீங்க காயலான் கடையை வீட்டுக்கே கூட்டிட்டு வந்திருக்கீங்க."

சுந்தரம் அவள் தம்பி. வைட்டிலாவில் ஒரு ஓட்டலில் சமையல். மனைவியும் மகளும் தென்காசியில். லீவு கிடைத்தால் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவான். வந்தால் பனியனைக் கழற்றிவிட்டு நேராக வண்டிக்கு அடியில் போய்விடுவான். நான் வெளியே நின்று, வீடியோக்களில் கற்ற ஞானத்தை உரக்க வாசிப்பேன்.

சக்கரங்களை எல்லாம் கழற்ற வேண்டியிருந்தது. வண்டியை எதன் மேல் நிறுத்துவது? மதில் கட்டி மிச்சமான வெட்டுகல் இருந்தது. இங்கே வீடு கட்டுகிற அந்தச் சிவப்புக் கல். ஜாக்கியை இரவல் வாங்கி வண்டியைத் தூக்கி, நாலு மூலையிலும் கல் அடுக்கினேன். குங்குமம்கூட வைத்தேன்.

"அத்தான், இந்தக் கல்லு தாங்குமா?" என்று சுந்தரம் கேட்டான்.

"மட்டாஞ்சேரியில பாதி வீடு இந்தக் கல்லு மேலதான்டா நிக்குது" என்றேன்.

வீட்டுக் கல்லுக்குப் பூச்சு இருக்கிறது, கூரை இருக்கிறது. என் கல்லுக்கு இடவப்பாதி என்கிற இந்தத் தென்மேற்குப் பருவமழைதான் இருந்தது. இரண்டு வாரம் வெட்டவெளியில் ஊறிக்கொண்டிருந்தது. முகலாய ஆட்சி விழுந்ததற்கு ஏழு காரணம் சொல்லிக்கொடுக்கிற நான், வண்டி விழ ஒரு காரணத்தைக்கூட யோசிக்கவில்லை.

ஹர்த்தாலுக்கு முந்தின நாள் சாயங்காலம் பழுது பார்க்க லேத்துப் பட்டறைக்கு அனுப்பியிருந்த எஞ்சின் திரும்பி வந்தது. இங்கே தெருவில் சரக்கு வந்தால், அந்தப் பகுதிச் சுமட்டுத் தொழிலாளர்கள், அதாவது யூனியனில் இருக்கிற சுமை தூக்குபவர்கள்தான் இறக்க வேண்டும் என்பது வழக்கம். வீட்டுச் சாமானை வீட்டுக்காரர் இறக்கிக்கொள்ளலாம். எஞ்சின் வீட்டுச் சாமானா என்பது வேதாந்தக் கேள்வி. அதை நான் விவாதத்துக்கு விடவில்லை. நானும் சுந்தரமும் கல்யாணியும் பலகை வைத்து, கயிறு கட்டி, சத்தமில்லாமல் இறக்கி முற்றத்தில் வைத்துவிட்டோம். சுந்தரத்துக்கு அப்போதே பொருத்திவிட ஆசை. இருட்டிவிட்டதால் காலையில் பார்க்கலாம் என்றேன்.

காலையில் விளக்கேற்றி முருகனிடம் நான் வைத்த விண்ணப்பம் இதுதான்: "அப்பனே, யூனியன்காரங்க மட்டும் வரக்கூடாது." வேறொன்றும் கேட்கவில்லை.

மழை விட்டிருந்தது. சுந்தரம் எஞ்சின் உட்காரும் இடத்தைச் சுத்தம் செய்ய முன்பக்கமாக அடியில் போனான். நான் ஸ்பானரை எடுக்கத் திரும்பினேன்.

பெரிய சத்தமெல்லாம் இல்லை. ஈரச் சர்க்கரைக் கட்டி நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம். திரும்பினால் வண்டியின் முன்பக்கம் கீழே இருந்தது. சுந்தரத்தின் கால்கள் மட்டும் வெளியே. ஒரு கால் தரையை உதைத்துக்கொண்டிருந்தது.

கற்கள் சிவப்புச் சேறாகிப் போயிருந்தன. ஒரே ஒரு பாதிக்கல் மட்டும் நொறுங்காமல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதனால் அவன் நசுங்கவில்லை. ஆனால் சட்டம் நெஞ்சின் மேல் இருந்தது. மூச்சு உள்ளே போகவில்லை.

பம்பரைப் பிடித்துத் தூக்கினேன். அது அசையக்கூட இல்லை. கல்யாணியும் வந்து பிடித்தாள். ஜாக்கியைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. அது இருந்திருந்தாலும் நுழைக்க இடமில்லை. "யாராவது வாங்க!" என்று தெருவைப் பார்த்துக் கத்தினேன். ஹர்த்தால். கடைகள் எல்லாம் மூடியிருந்தன. ஒரு நாய் மட்டும் என்னைப் பார்த்தது.

"என் தம்பிய எடுங்க! எடுங்க!" என்று கல்யாணி என் முதுகில் அடித்தாள்.

உதைத்துக்கொண்டிருந்த கால் நின்றுவிட்டது.

அன்பர்களே, எனக்கு மனப்பாடமான துதிகள் எத்தனையோ. மேடையில் விளக்கவுரை சொல்லியிருக்கிறேன். அந்த நேரத்தில் ஒரு வரி வரவில்லை. சேற்றில் மண்டி போட்டு, "முருகா, இவனை விடு. முருகா, யாரையாவது அனுப்பு" என்று மட்டும் சொன்னேன். வேண்டுதல் என்று அதைச் சொல்ல முடியாது. அது அலறல்.

வெளிக் கதவு படாரென்று திறந்தது.

"சாரே! எஞ்சின் ஆரு இறக்கினது? நாங்கெல்லாம் செத்துப் போயாச்சா?"

ஷாஜி. எங்கள் தெருச் சுமட்டுத் தொழிலாளர்களின் தலைவர். பின்னால் ஆறு பேர். மற்ற நாளில் சரக்கு தூக்கவே நேரம் போதாது. ஹர்த்தாலன்று வேலை இல்லாததால், என்னோடு சண்டை போடுவதற்கென்றே வெள்ளை வேட்டி கட்டி வந்திருந்தார்கள்.

வண்டிக்கு அடியில் கையைக் காட்டினேன்.

"ஐயோ, அடியில் ஆளுண்டு! பிடிக்கெடா!"

அடுத்த நொடி அங்கே சண்டைக்காரர்கள் யாரும் இல்லை. வேட்டியை மடித்துக் கட்டினார்கள். தலைத்துண்டை உள்ளங்கையில் சுற்றினார்கள். யார் எங்கே நிற்பது என்று பேசவேயில்லை. தினமும் சேர்ந்து தூக்குகிறவர்களுக்கு அது தெரிந்திருந்தது. ஷாஜி ஒரு குரல் கொடுத்தார். ஏழு பேரும் ஒரே மூச்சில் நிமிர்ந்தார்கள். வண்டி அவர்களோடு எழுந்தது.

"சேச்சி, வலிச்சோ!" என்று இழுக்கச் சொல்லிக் கத்தினார் ஷாஜி. கல்யாணி தம்பியின் காலைப் பிடித்து இழுத்தாள். நானும் இழுத்தேன்.

வெளியே வந்தான். முகம் நீலமாக இருந்தது. கண் மேலே போயிருந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. பிறகு தொண்டையில் ஏதோ கிழிகிற மாதிரி ஒரு சத்தம். மூச்சு உள்ளே போனது.

கண்ணைத் திறந்து என்னைத் தேடினான்.

"அத்தான்... கல்லு தாங்கல."

நான் சிரிக்கவில்லை. அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதேன். ஷாஜியும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஹர்த்தாலானாலும் ஆம்புலன்ஸை யாரும் தடுக்க மாட்டார்கள். சாதாரண நாளில் அரிசி லாரிகளுக்கு நடுவே எங்கள் தெருவுக்குள் சைக்கிள் வருவதே கஷ்டம். அன்று காலி ரோட்டில் ஆம்புலன்ஸ் பறந்து வந்தது. விலா எலும்பு இரண்டில் விரிசல், நெஞ்சில் ரத்தக்கட்டு. அதற்கு மேல் ஒன்றுமில்லை என்றார் டாக்டர். தென்காசிக்குப் போன் செய்து, அவன் மனைவியிடம் அவனையே பேச வைத்தேன். "ஒண்ணுமில்ல, லேசா இடிச்சிருச்சு" என்றான். அந்தப் பொய்யைக் கேட்க முடியாமல் நான் வெளியே வந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஷாஜி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி முழுக்கச் செம்மண்.

"சாரே, அந்த எஞ்சின் உள்ளே இருந்திருந்தா நாங்க ஏழு பேரும் போதாது."

முந்தின சாயங்காலமே பொருத்தியிருந்தால்? நான் வேண்டிக்கொண்டபடி இவர்கள் வராமலே இருந்திருந்தால்? காலையில் கேட்டதை முருகன் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் இன்று சுந்தரத்தின் படத்துக்கு மாலை போட்டிருப்பேன்.

தற்செயல் என்றார் பள்ளியில் ஒரு நண்பர். நானும் நாலு புத்தகம் படித்தவன்; அவர் சொல்வது புரிகிறது. ஆனால் சேற்றில் மண்டியிட்டிருந்தவன் நான். கூப்பிட்டேன், கதவு திறந்தது. எனக்கு அதற்கு மேல் தெரியாது.

வண்டி இப்போது இரும்புத் தாங்கிகளின் மேல் நிற்கிறது. ஷாஜியின் ஆட்கள்தான் தூக்கி வைத்தார்கள். எஞ்சினை எப்போது பொருத்துவது என்று சுந்தரம் கேட்கிறான். நான் அந்தப் பக்கம் போகும்போது இன்னும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன்.

விளக்கேற்றும்போது இப்போதெல்லாம் நான் பட்டியல் வாசிப்பதில்லை. யார் வரவேண்டும், யார் வரக்கூடாது என்று முருகனுக்கு யோசனை சொல்வதில்லை. "நீ பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்காருகிறேன். உங்களில் யாராவது இன்று ஏதாவது ஒரு பாரத்துக்கு அடியில் இருந்தால், அழகான வார்த்தைக்காகக் காத்திருக்காதீர்கள். அலறுங்கள். அவன் கேட்பான்.

வருகிற சஷ்டிக்கு சுந்தரம் பால்குடம் எடுக்கிறான். டாக்டர் மெதுவாக நடக்கச் சொல்லியிருக்கிறார். நான் அவன் பக்கத்திலேயே நடப்பேன், அவன் மூச்சு விடுகிற சத்தம் காதில் விழுகிற தூரத்தில். நீங்களும் வாருங்கள்.