கர்த்தர் பேரில் எழுதிய பத்திரம்

கடன் வாங்குவது எனக்குப் பழகிப்போன விஷயம். வண்டிமாடு வைத்துப் பிழைக்கிறவன் கடன் வாங்காமல் இருந்தால்தான் ஊர் சந்தேகப்படும். ராஜபாளையத்திலிருந்து பஞ்சுப் பொதி ஏற்றிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு ஜோடி மாட்டுக்காக ஸ்ரீவில்லிபுத்தூர் நிதி ஆபீசுக்குப் போனேன். ஏஜெண்டு என் வீட்டுப் பத்திரத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், ஒழுங்காகக் கட்டாவிட்டால் வீடு ஏலத்துக்கு வரும் என்று ஒரே ஒரு தடவை சொன்னார். உச்சிப்பொழுதுக்குள் பணத்தை மடியில் முடிந்துகொண்டு கிளம்பிவிட்டேன்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் இந்தப் பெருமையைச் சபையில் பல பேரிடம் சொல்லியிருந்தேன். அதனால் எங்கள் வேதக்கோயில் வேலை பாதியில் நின்றபோது எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். சுவர் எழும்பிவிட்டது, கூரைக்குக் காசில்லை. செங்கல்லை மண்சாந்தில் வைத்துக் கட்டிய சுவர். ஐப்பசி மழை பிடித்தால் கரைந்து உட்கார்ந்துவிடும். மிஷனுக்கு எழுதிக் கேட்டோம். கைக்கு எட்டின மட்டும் கட்டுங்கள் என்று பதில் வந்தது. எட்டின மட்டும்தான் கட்டியிருந்தோம், மேலே வானம் தெரிந்தது. நிதியில் வாங்கிவிடலாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வீராப்பாகச் சொன்னேன்.

எங்கள் சின்னச் சபைக்கு ஜெபம் நடத்துகிற உபதேசியாரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். நல்ல மனிதர். பணம் என்ற பேச்சு வந்தால் மட்டும் அவருக்குக் குரல் உள்ளே போய்விடும்.

ஏஜெண்டு நாமம் போட்ட பெரியவர். ஏதோ ஒரு பெருமாள் கோயிலின் கணக்கையும் அவரே பார்த்துவந்தார். எங்கள் கோயில் மனையின் பத்திரத்தைக் கேட்டு வாங்கிப் படித்தார். மறுபடியும் படித்தார். மனை யார் பேரில் இருக்கிறது என்று கேட்டார். கர்த்தர் பேரில் என்று உபதேசியார் சொன்னார்.

நடந்தது இதுதான். மனை வாங்கியபோது, கோயிலுக்கு என்று சொன்னதும், பத்திரம் எழுதுகிறவர் வழக்கம்போல சாமி பேர் என்ன என்று கேட்டார். அக்கம்பக்கத்துக் கோயில் நிலமெல்லாம் சாமி பேரில்தானே இருக்கிறது. நம்முடைய சாமி மட்டும் என்ன குறைச்சல் என்று நாங்களும் இயேசுநாதர் பேரைச் சொல்லி எழுத வைத்தோம். அதோடு விடாமல் அந்தப் பத்திரத்தை ஆராதனையில் வாசித்து ஆமென் வேறு சொன்னோம்.

ஏஜெண்டு சிரிக்கவில்லை. சாமி சொத்து என்றால் சட்டத்துக்குச் சாமி மைனர், கையெழுத்துப் போட முடியாது, உங்களுக்கு யார் தருமகர்த்தா என்று கேட்டார். எங்களுக்கு அப்படி யாரும் இல்லை. பாதிரியார் ஐயா மாதம் ஒரு தடவை வந்து நற்கருணை கொடுத்துவிட்டுப் போவார், அவ்வளவுதான். தருமகர்த்தாவே இருந்தாலும் கொடுப்பது கஷ்டம் என்றார் ஏஜெண்டு.

"உம்ம வீட்டை நான் ஏலம் போட்டா நாலு பேரு கேக்க வருவாங்க. கோயிலை ஏலம் போட்டா எவன் வருவான்? போட்டுட்டுப் பொறவு இந்த ஊருல நான் எப்படி நடமாடுறது?"

யாராவது தன் சொந்தச் சொத்தை ஈடு வைத்தால் பார்க்கலாம் என்று முடித்துவிட்டார். உபதேசியார் என்னைப் பார்த்தார். என் வீடு ஏற்கெனவே மாட்டுக்காக ஈடு போய்விட்டது. மிச்சம் இருந்தது வன்னியம்பட்டிக் கிணற்றுத் தோட்டம். அது என்னுடையது அல்ல, என் பெண்சாதிக்கு அவள் அப்பா சீதனமாகக் கொடுத்தது. வண்டி ஓடாத வருஷங்களில் எங்களுக்குக் கஞ்சி ஊற்றியது அந்தத் தோட்டம்தான். சபைக்கு முன்னால் வீராப்புப் பேசியவன், கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லாமல் வேறென்ன செய்வான்?

திரும்பி வருகிற வழியெல்லாம் பத்திரம் எழுதியவரைத் திட்டினேன், மிஷனைத் திட்டினேன், ஒரு பாவமும் அறியாத மாட்டையும் திட்டினேன். கோபமா அது? பயம். வீட்டுக்கு வந்து தலையைக் குனிந்துகொண்டு அவளிடம் சொன்னேன். அவள் முழுதாகக் கேட்டாள். சம்மதம் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அடுத்த தடவை தானும் வருவதாக மட்டும் சொன்னாள்.

சொன்னபடி தோட்டத்துப் பத்திரத்தைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள். கடைவீதியில் வண்டியை நிறுத்தச் சொல்லி, தானியக்கடை ராவுத்தரையும் கூட வரும்படி கேட்டாள். எங்கள் சபைப் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி தானியத்தைக் கோயிலுக்கென்று தனிக் கலயத்தில் போடுவார்கள். அதை வீடுவீடாகச் சேர்த்து ராவுத்தர் கடையில் விற்கிறவள் இவள்தான். அது பெண்கள் சமாசாரம் என்று நாங்கள் யாரும் அதைக் கணக்கிலேயே எடுத்ததில்லை.

தோட்டத்தை ஈடு வைக்கச் சம்மதமா என்று ஏஜெண்டு கேட்டார். பணம் திரும்பி வராது என்ற பயத்தில்தானே தோட்டத்தைக் கேக்கிறீய என்று அவள் திருப்பிக் கேட்டாள். ஆமாம், உங்கள் கோயிலுக்கு வருமானம் ஏது என்றார். அவள் பிடி தானியத்தைச் சொன்னாள். விளையாத வருஷத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்.

"அரிசி இல்லேன்னா கம்பு, கம்பு இல்லேன்னா வரகு. பிடி எடுக்காம நாங்க உலையில போடுறதே இல்லை, ஐயா."

ராவுத்தர் ஆமாம் என்றார். பஞ்சத்தில்கூட அந்தத் தானியம் தன் கடைக்கு வராமல் நின்றதில்லை, அளவுதான் குறைந்தது என்றார். வட்டி உங்கள் பாடு, எனக்கு அதில் சம்பந்தம் கிடையாது. தானியத்தின் விலையை மாதாமாதம் நேராக இங்கே கட்டிவிடுகிறேன் என்றார். கடன் தீருகிற மட்டும் தனக்குத்தான் விற்க வேண்டும் என்று ஒரு கொக்கியும் போட்டார். அப்படியானால் படியைத் தலைதட்டித்தான் அளக்க வேண்டும், குவித்து அளக்கக் கூடாது என்றாள் அவள். இரண்டு பேரும் அங்கேயே பேரத்தில் இறங்கிவிட்டார்கள். உபதேசியாரும் நானும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஏஜெண்டு விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். தனி ஆள் சாப்பிட்டது போக மிச்சத்தில் கடன் கட்டுகிறான், இவர்கள் சாப்பிடுவதற்கு முன்னாலேயே எடுத்து வைத்துவிடுகிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவள் முன்னால் எடுத்து வைத்திருந்த தோட்டத்துப் பத்திரத்தை, துணியைக்கூடப் பிரிக்காமல் அவள் பக்கம் தள்ளினார். கடைசியில் கோயில் கடன் வாங்கவே இல்லை. சபை மூப்பர்கள் எல்லாரும், என்னையும் சேர்த்து, மறுநாள் வந்து தனித்தனி ஆளாகக் கையெழுத்துப் போட்டுச் சேர்ந்து வாங்கினோம். அப்பாடா என்று வந்தது. ஆபீசுக்கு வெளியே வந்து, வெயிலென்றும் பாராமல், மாட்டின் கழுத்தில் சாய்ந்துகொண்டு நின்றேன்.

மழைக்கு முன்னால் கூரை ஏறிவிட்டது. முதல் மழை ஞாயிற்றுக்கிழமையே வந்தது. ஓட்டின் மேல் தண்ணீர் விழுகிற சத்தத்தில் உபதேசியாரின் பிரசங்கம் யார் காதிலும் விழவில்லை, ஒருவரும் வருத்தப்படவுமில்லை. வீட்டுக்கு நடந்து வரும்போது சந்தோஷ மிகுதியில் அவளிடம் கேட்டுவிட்டேன், ஏஜெண்டு பிடிவாதமாக நின்றிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று.

"கைநாட்டு வச்சிருப்பேன். நீங்க சபையில வாக்குக் குடுத்திட்டீயளே," என்றாள். "ஆனா பொறவு அந்தக் கோயிலுக்குள்ள ஒரு நாளும் காலெடுத்து வச்சிருக்க மாட்டேன்."

சாதாரணமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு சேற்றைத் தாண்டி முன்னால் போனாள். அந்த ஆபீசில் நான் எதை ஈடு வைக்கப் போனேன் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.