இரண்டு முறை உள்ளே போன மூச்சு

பாம்புக்காது என்ற பெயர் முதன்முதலில் காதில் விழுந்தது பல் பிடுங்கப் போன இடத்தில். டாக்டர் பக்கத்தில் நின்று கருவி எடுத்துக் கொடுக்கிறவள், என் ஒன்றுவிட்ட தம்பியின் சம்பந்தி வீட்டுப் பெண். உறவு நூலைப் பிடித்துப் போனால் மகள் முறை. "எங்க அண்ணி இருக்காங்களே பெரியம்மா, பாம்புக்காது, அவங்க இருந்தா வீட்ல ஒரு பிஸ்கட்டைக் கடிக்க முடியாது" என்றாள். வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறபோது யாரடி அது என்று கேட்க முடியுமா? பல் போய், வீக்கமும் வடிந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டுத் தெரிந்துகொண்ட கதைதான் இது.

அந்த அண்ணிக்குக் கேட்பதுதான் வேலை. இசையைப் பதிவு செய்து வெளியிடுகிற சின்னக் கம்பெனி. முந்நூறு, நானூறு வருஷத்துக்கு முந்தைய ஐரோப்பிய இசையை மட்டும்தான் வெளியிடுவார்கள். பரோக் என்பார்கள், அதற்கும் முந்தியதும் உண்டு. வயிறு பெருத்த லூட், ஆட்டுக் குடலில் திரித்த தந்தி கட்டிய வயலின், கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சின்ன முள் தந்தியைச் சுண்டிவிட்டு இறங்கும் ஹார்ப்சிகார்ட், எல்லாமே மெல்லப் பேசுகிற வாத்தியங்கள். பெரிய கூட்டமாக வாசித்தால் நடுவில் யானை தும்மினாலும் தெரியாது. இதிலோ எறும்பு கால் மாற்றினாலும் கேட்கும்.

அதனால் ஒவ்வொரு புதுப் பதிவும் இசைத்தட்டு போடுகிற தொழிற்சாலைக்குப் போவதற்கு முன்னால் இரண்டாம் மாடியில் அவளுடைய அறைக்கு வரும். ஜன்னலோரம் ஒரு நாற்காலி, எதிரே இரண்டு ஸ்பீக்கர், மேசையில் ஒரு தாள். எத்தனையாவது நிமிஷம், என்ன சத்தம் என்று எழுதுவாள். "நாற்காலி முனகல்." "பக்கம் திருப்பியது." "யாருக்கோ வயிற்றில் பசி." தாளின் அடியில் அவள் கையெழுத்து விழுந்தால்தான் பதிவு வெளியே போகும். இசைத்தட்டு அட்டைக்கு டைப் அடிக்கச் சேர்ந்தவள், முப்பத்தோரு வருஷமாக அந்த நாற்காலியில்.

பெயர் வந்த கதை ஒன்று உண்டு. ஒரு லூட் பதிவை எல்லோரும் கேட்டு, அப்பழுக்கில்லை என்று சொல்லிவிட்டார்கள். இவள் மூன்று தடவை கேட்டுவிட்டு ஒலிப்பதிவாளரைக் கூப்பிட்டாள்.

"வாசிக்கிறவர் உயிரோட இருக்காரா சார்?"

"என்னம்மா கேள்வி இது? நேத்துக்கூட போன்ல பேசினாரே."

"ரெண்டு தடவை மூச்சை உள்ளே இழுத்திருக்கார். நடுவுல ஒரு தடவைகூட வெளியே விடலை."

இரண்டு நாளில் வாசித்ததை வெட்டி ஒட்டியிருந்தார் ஒலிப்பதிவாளர். சுருதி, தாளம் எல்லாம் சேர்ந்தது, மூச்சு மட்டும் சேரவில்லை. மனுஷருக்கு முகம் சுண்டிவிட்டது. ஆறு மாதம் அவளோடு பேச்சு இல்லை. பாம்புக்காது என்று பெயர் வைத்ததும் அவர்தான்.

அவளுக்கு ஐம்பத்தேழு நடந்தபோது ஒரு ஹார்ப்சிகார்ட் பதிவு வந்தது. குளிர்காலத்தில், ஒரு பழைய கல் கட்டடத்தில் எடுத்தது. பதினாறு துண்டுகள். இரண்டு நாள் கேட்டாள், ஒரு குறையும் இல்லை. கையெழுத்துப் போட்டாள். திங்கள் மத்தியானம் தொழிற்சாலைக்குப் போக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பகலில், ஆசைக்கு இன்னொரு தடவை கேட்கலாமென்று வீட்டில் போட்டாள். கணவர் செய்தித்தாளை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்திருந்தார். நாத்தனார், அதாவது பல் டாக்டரிடம் வேலை பார்க்கிற அந்தப் பெண், துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, இதை நிறுத்துங்களேன். வாரம் பூரா ஆஸ்பத்திரியில கேக்குறது போதாதா?"

"என்னடி கேக்குது?"

"கீச்சுன்னு ஒண்ணு. பல்லைத் தேய்க்கிற மிஷின் தூரத்துல ஓடுற மாதிரி."

"உனக்குக் காதுல அழுக்கு."

"அப்படியே இருக்கட்டும். உங்களுக்குக் காது, எனக்கு வாய். ஆண்டவன் பிரிச்சுத்தான் குடுத்திருக்கான்."

அவள் ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்துக் கேட்டாள். ஒன்றும் இல்லை. நாத்தனாரைச் சுவர்ப்பக்கம் திரும்பி நிற்கச் சொல்லி, கீச்சு கேட்டால் விரலைத் தூக்கச் சொன்னாள். பதினாறு துண்டையும் ஒவ்வொன்றாகப் போட்டாள். ஐந்துக்கு மட்டும் விரல் எழுந்தது; அதுவும் முதல் சுரம் வருவதற்கு முன்னாலேயே. பதிவுக் குறிப்பை எடுத்துப் பார்த்தாள். அந்த ஐந்தும் பொழுது சாய்ந்த பிறகு எடுத்தவை, விளக்குப் போட்டு. கீச்சிட்டது விளக்கு. வயசானால் காது முதலில் தொலைப்பது இந்த மாதிரி உச்சக் கீச்சைத்தான்; அது தன் காதுக்கு எட்டவில்லை.

அவள் பதிவை நிறுத்திவிட்டுக் குறிப்பை மடித்து வைத்ததைப் பார்த்ததும் நாத்தனாருக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"நான் ஒருத்தர்கிட்டயும் சொல்ல மாட்டேன் அண்ணி. இதைக் காசு குடுத்து வாங்குறவங்க பாதிப்பேர் கிழடுங்கதானே? உங்களுக்கே கேக்கலை, அவங்களுக்கா கேக்கப்போகுது?"

"மீதிப் பாதி?"

"வேலை போயிடும் அண்ணி."

செய்தித்தாளுக்கு அடியிலிருந்து கணவர் சொன்னார்: "சொல்லாம விட்டா இவ சோறு சாப்பிட மாட்டா. அப்புறம் நமக்கும் கிடைக்காது. போய்ச் சொல்லிட்டு வரட்டும்."

திங்கள் காலை மேலாளர் வருவதற்கு முன்னாலேயே போய் அவர் அறை வாசலில் நின்றாள். அவளைவிட இருபது வயது சின்னவர். விஷயத்தைச் சொல்லி, கையெழுத்துப் போட்ட தாளை மேசையில் வைத்தாள். மேலாளர் பதிவைப் போட்டுக் கேட்டார்.

"ஆமா, இருக்கு. நான் கேக்கவே இல்லைம்மா. உங்க கையெழுத்து இருந்தா நான் கேக்குறதே இல்லை."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

ஒலிப்பதிவாளரைக் கூப்பிட்டார்கள். அவருக்கு அறுபத்திரண்டு. கண்ணை மூடிக் கேட்டார், தலையைச் சாய்த்துக் கேட்டார், கடைசியில் கையை விரித்தார். "எனக்கும் விழலை." கம்ப்யூட்டர் திரையில் போட்டதும் அந்தக் கீச்சு ஒரு கோடாகத் தெரிந்தது. கால் மணி நேரத்தில் அதை மட்டும் எடுத்துவிட்டார்கள். பதிவு தப்பியது. கோட்டை எடுத்த மாதிரி காதுக்கு வயசை எடுக்க முடியுமா?

"இனிமே திரையிலேயே பாத்துக்கலாம். நீங்க கீழே கிடங்கைப் பாத்துக்குங்கம்மா, அலைச்சல் இல்லாத வேலை" என்றார் மேலாளர். நல்ல மனசோடுதான் சொன்னார். அவள் சரி என்று தலையாட்டிவிட்டாள்.

அப்போது ஒலிப்பதிவாளர் தொண்டையைச் செருமினார். "கீச்சு திரையில தெரியும் தம்பி. ஒரு ஆளு ரெண்டு தடவை மூச்சை உள்ளே இழுத்து வெளியே விடாம இருந்தா, எந்தத் திரையில தெரியும்?"

"அப்படியெல்லாம் நடக்குமா சார்?"

"நான்தான் பண்ணினேன்."

அவள் பக்கம் திரும்பிப் பார்க்காமலே சொன்னார். அன்று அவருக்குச் சுண்டிய முகம் இன்றும் சுண்டித்தான் இருந்தது. மேலாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தாளை எடுத்து அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

இப்போது அந்தத் தாளில் இரண்டு கையெழுத்து. முதலாவது, திரையைப் பார்க்கப் புதிதாகச் சேர்ந்த பெண்ணுடையது, இரண்டாவது இவளுடையது. இரண்டாவதாகப் போடுவது ஆரம்பத்தில் மனசை உறுத்தியதாம், நாத்தனாரிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். நாத்தனார் பிஸ்கட்டை டீயில் நனைத்துத்தான் தின்கிறாள் இன்னமும். கடிக்கிற சத்தமெல்லாம் அண்ணிக்கு நன்றாகவே கேட்கிறது. அவளுக்கு இப்போது வயது ஐம்பத்தொன்பது. வாரத்தில் நான்கு நாள், அதே இரண்டாம் மாடி அறையில், ஜன்னலோர நாற்காலியில் இருக்கிறாள்.